ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீயரிங் லாக் திறக்காவிட்டால்: ராமநாதபுரம் கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பட்டனை அழுத்துகிறீர்கள். உள்விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆனால் இக்னிஷன் வரவே இல்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் மட்டும் மஞ்சளாக நிற்கிறது. ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது. இது நடந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

நான் இருப்பது கீழக்கரைப் பக்கம். என்னுடையது வெளிமாநிலத்திலிருந்து இரண்டாம் கையாக வாங்கிய இரண்டு கதவுக் கார். இந்தப் பழுது எனக்கு வந்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார், ஒருவர் ஸ்டீயரிங்கை உடைத்தே ஆக வேண்டும் என்றார், இன்னொருவர் முழு அசெம்பிளியையும் மாற்ற ஒரு பெரிய தொகை சொன்னார். செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தப்பினால்தான் ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகிறது.

வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஒரு விளக்கம். ஸ்டீயரிங் தண்டின் மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் குட்டி மோட்டார், பல்சக்கரம், ஒரு லாக் பின், பின் எங்கே நிற்கிறது என்று சொல்லும் மைக்ரோ சுவிட்சுகள். நீங்கள் பட்டனை அழுத்தியதும் கார் முதலில் சாவியை அடையாளம் பார்க்கும், அப்புறம் மோட்டாரைச் சுற்றிப் பின்னை வெளியே இழுக்கும், பின் வெளியே வந்துவிட்டது என்று சுவிட்ச் சொன்னால்தான் இக்னிஷனுக்குக் கரண்ட் போகும். ஆகவே மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும், சுவிட்ச் களிம்பேறினாலும், கிரீஸ் இறுகினாலும், பேட்டரி வோல்டேஜ் குறைந்தாலும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான். நிசான் 370இசட்டின் தொடக்க வருட கார்களிலும், டபிள்யூ204 வகை மெர்சிடிஸ் சி-கிளாஸிலும் இந்தப் பழுது உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. 1997 முதல் 2004 வரை வந்த ஷெவர்லே கார்வெட்டில் இதற்காகவே கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். உங்கள் கார் மட்டும் சாபம் வாங்கி வந்ததில்லை.

1. பேட்டரி வயரில் கை வைக்காதீர்கள்

முதல் ஆலோசனையாக எல்லோரும் சொல்வது இதைத்தான், முதலில் செய்யக் கூடாததும் இதுதான். லாக் விழுந்த நிலையில் பேட்டரியைக் கழற்றினால், கரண்ட் இல்லாமல் அந்தப் பின்னை எடுக்க வழியே கிடையாது. பல தயாரிப்பாளர்களின் சர்வீஸ் புத்தகத்திலேயே, பேட்டரியைக் கழற்றிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய வேலை என்றால் முன்கூட்டியே லாக்கைத் திறந்து வையுங்கள் என்று எச்சரிக்கை போட்டிருக்கும். சில கார்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும், டிக்கியோ மின்சாரத்தில் திறக்கும். கழற்றிவிட்டுத் தெரியாத்தனமாக டிக்கியைச் சாத்தினால் அது தனி வேலை.

அதேபோல ஸ்டீயரிங்கை வேகமாக இழுத்துப் பின்னை உடைக்கப் பார்க்காதீர்கள். பின் சுலபத்தில் உடையாது, தண்டின் பள்ளம்தான் சேதமாகலாம். பிறகு தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

2. பின் மேல் இருக்கிற பாரத்தை எடுங்கள்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. சக்கரத்தை ஒடித்து நிறுத்தியிருந்தாலோ, முன்சக்கரம் திண்ணைக் கல்லிலோ மணலிலோ முட்டியிருந்தாலோ டயரின் விசை ஸ்டீயரிங் தண்டு வழியாக வந்து பின்னை நெருக்கும். குட்டி மோட்டாருக்கு அதை இழுக்கத் தெம்பு இருக்காது. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் ரோட்டோர மணலில் ஒடித்து நிறுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

செய்ய வேண்டியது: இடது கையால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறதோ அந்தப் பக்கம் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அதே நேரத்தில் பட்டனை அழுத்துங்கள். வரவில்லையென்றால் மறுபக்கம். பிடிக்க வேண்டும், உலுக்கக் கூடாது. ஒரு ஆளை வைத்து முன்சக்கரத்தைக் கல்லிலிருந்து ஒரு விரல்கடை தள்ளச் சொல்லிவிட்டும் முயலலாம். அதற்கு முன் கியரை நியூட்ரலில் போட முடிகிறதா, ஹேண்ட்பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. சாவியின் பேட்டரி

பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர்2032 பட்டன் செல். ராமநாதபுரத்தில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும், நல்ல கம்பெனி செல் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழைய செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் மூன்று வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 2.8-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். புதுச் செல்லை வெறும் விரலால் இரண்டு பக்கமும் பிடிக்காதீர்கள். இங்கே வியர்வையோடு உப்பும் சேர்ந்து ஒட்டும்.

செல் வாங்கும்வரை காத்திருக்க முடியாதென்றால் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், சில கார்களில் சாவியைச் செருக ஒரு குழி இருக்கும். அடுத்த சாவி வீட்டில் இருந்தால் அதை வைத்தும் பாருங்கள். ஒரு சாவியில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் பழுது ஸ்டீயரிங்கில் இல்லை. அதோடு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

4. காரின் பேட்டரியும் எர்த்தும்

என் அனுபவத்தில் பாதி வேலை முடிகிற இடம் இதுதான். ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் எடுப்பவர்கள் நம்ம பக்கம் குறைவு. தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் எடுப்போம். நின்றுகொண்டே இருக்கிற பேட்டரி மெதுவாக இறங்கும். விளக்கு எரிகிற அளவுக்குக் கரண்ட் இருக்கும், லாக் மோட்டார் சுற்றுகிற நொடியில் வோல்டேஜ் சரியும், கார் அதைப் பழுது என்று பதிந்துகொள்ளும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 இருந்தால் முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் சார்ஜ் போடுங்கள். ஜம்பர் கேபிள் போடுகிறீர்கள் என்றால், கொடுக்கிற காரை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.

அளவு சரியாக இருந்தும் வரவில்லையென்றால் எர்த் வயரை, அதாவது பேட்டரியின் மைனஸைக் காரின் பாடியோடு இணைக்கிற வயரைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் பாடியில் வெறும் இரும்பு தெரிகிற இடத்துக்கும் நடுவில் மீட்டரை வைத்து, இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மீட்டர் கிட்டத்தட்ட சைபரிலேயே நிற்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த் கெட்டிருக்கிறது. இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் மண்டபம் தோணித்துறையில் விசைப்படகு என்ஜின் பார்க்கிற ஒரு மெக்கானிக். "தம்பி, வெளிய பளபளன்னுதான் இருக்கும். போல்ட்டக் கழட்டி வளையத்துக்கு அடியில பாருங்க" என்றார். கழற்றியபோது மேலே சுத்தமாக இருந்த செப்பு வளையத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, பாடியில் அது உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாகத் துரு. கடல் காற்றில் வருகிற உப்பு அந்த இடுக்கில்தான் போய் உட்காரும். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும்.

இந்த எர்த் போல்ட்டைக் கழற்றுவதும் பேட்டரி வயரைக் கழற்றுவதற்குச் சமம்தான், அதனால் அளந்து பார்த்து எர்த் கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகே தொடுங்கள், டிக்கியைச் சாத்தாதீர்கள். பாடியில் இருக்கிற முனையைக் கழற்றும் முன் காரில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், திரும்ப இறுக்கிய பிறகுதான் பட்டனை அழுத்துங்கள். பாடி முனை கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒர்க்‌ஷாப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

5. சத்தம் கேட்டுப் பாருங்கள்

இதுவரை எதிலும் தீரவில்லையென்றால் இனிமேல்தான் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடிகளை ஏற்றி, போனை அணைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் உறையில் காதை வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.

"ட்ர்ர்-டக்" என்று ஒரு முழுச் சத்தம் வந்து, ஸ்டீயரிங்கும் விடுபட்டு, இக்னிஷன் மட்டும் வராவிட்டால் பின் வெளியே வந்துவிட்டது, சுவிட்ச்தான் சொல்லவில்லை. "ட்ர்ர்" என்று மட்டும் இழுத்து நின்றால் பின் சிக்கியிருக்கிறது அல்லது கிரீஸ் இறுகியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மோட்டார் பிரஷ், அல்லது பெட்டிக்குக் கரண்டே போகவில்லை. உங்கள் காரின் கையேட்டைப் பார்த்து அதற்கான ஃபியூஸைச் சோதியுங்கள். இந்த மூன்றில் எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு வரியைச் சொன்னாலே பேச்சு வேறு மாதிரி போகும்.

சத்தம் இல்லாத வகைக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பெட்டி இருக்கிற இடத்தில் லேசாகத் தட்டிக்கொண்டே பட்டனை அழுத்துவது. தேய்ந்த பிரஷ் ஒரு நொடி தொட்டு மோட்டார் சுற்றிவிடும். கதவைத் தட்டுகிற அளவுதான், சுத்தியலை எடுக்காதீர்கள். ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் இருக்கிறது, அந்தப் பக்கம் எதையும் தட்டக் கூடாது.

6. திறந்துவிட்டதா? அணைக்காதீர்கள்

எப்படியோ ஒரு தடவை என்ஜின் பிடித்துவிட்டால் பழுது சரியாகிவிட்டது என்று நினைத்துக் கடற்கரைக்குக் கிளம்பாதீர்கள். அடுத்த தடவை எங்கே மாட்டும் என்று சொல்ல முடியாது. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பக்கத்தில் ஒரு அமாவாசைக் கூட்டத்தில் மாட்டினால் ரெக்கவரி வண்டியே உள்ளே வர முடியாது.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பல கார்களில் என்ஜினை அணைத்ததும் லாக் விழாது, அணைத்த பிறகு டிரைவர் கதவைத் திறக்கும்போதுதான் விழும். உங்கள் கார் அப்படியா என்று கையேட்டில் பார்த்துக்கொண்டால், பெட்ரோல் பங்கில் அணைக்க நேர்ந்தாலும் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்து சமாளிக்கலாம். பணத்தைக் கண்ணாடி வழியாகக் கொடுங்கள்.

ஓடும்போது லாக் விழுந்துவிடுமோ என்கிற பயம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. ஒழுங்கான காரில் இக்னிஷன் வந்ததும் அந்தப் பெட்டிக்குப் போகிற கரண்டையே துண்டித்துவிடுவார்கள், அதனால் ஓடும்போது மோட்டார் சுற்ற வாய்ப்பில்லை. ஆனால் உங்களுக்கு முன் யாராவது அந்தப் பெட்டியைக் கழற்றி, வயரை மாற்றியிருந்தால் இந்த உறுதி செல்லாது. இரண்டாம் கைக் கார் என்றால், உறையின் ஸ்க்ரூக்களில் கீறல் இருக்கிறதா, இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். அப்படித் தெரிந்தால் ஓட்டாதீர்கள், ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

7. காகிதங்கள்

வேலை தள்ளிப்போவதற்குப் பெரிய காரணம் பார்ட்ஸ் கிடைக்காதது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். காகிதத்தால் தள்ளிப்போவதுதான் அதிகம். ஸ்டீயரிங் லாக் என்பது திருட்டுத் தடுப்போடு சேர்ந்தது. புது லாக்கையோ சாவியையோ காரில் பதியத் தேவையான கோட் நம்பரை ஆர்சியில் பெயர் இல்லாதவருக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. நல்ல சாவி மெக்கானிக்கும் ஆர்சி கேட்பார். கேட்காதவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆர்சி (டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருந்தாலும் செல்லும், ஆனால் ஒரு நகலும் எடுத்து வையுங்கள்), அதே பெயரில் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், நடப்பு இன்சூரன்ஸ், காரோடு வந்த எல்லாச் சாவிகளும், சாவிக் கொத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு அல்லது அட்டையில் சாவி எண் இருந்தால் அதுவும். புது லாக்கைப் பதியும்போது பல கார்களில் எல்லாச் சாவிகளையும் ஒரே தடவையில் பதிய வேண்டும். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அந்தச் சாவி அன்றோடு செல்லாமல் போகலாம்.

பெங்களூர், டெல்லி என்று வெளியிலிருந்து வாங்கி, பெயர் மாற்றம் இன்னும் முடியவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். விற்றவரிடம் படிவம் 29-ம் 30-ம், வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையின்மைச் சான்றும், கடன் போட்டிருந்தால் அது முடிந்ததற்குப் படிவம் 35-ம் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், வெளிமாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதும் சட்டம். ராமநாதபுரம் ஆர்டிஓவில் டிஎன் 65 வாங்கும்வரை பழுதும் காத்திருக்க வேண்டுமா என்றால், ஆம், கோட் தேவைப்படுகிற வேலை என்றால் அநேகமாகக் காத்திருக்கத்தான் வேண்டும். பெட்டியைத் திறந்து சுத்தம் செய்கிற வேலைக்குக் கோட் தேவையில்லை.

இன்சூரன்ஸில் க்ளெய்ம் கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது. வழக்கமான முழுக் காப்பீட்டில் இயந்திரப் பழுதும் மின்பழுதும் விலக்கப்பட்டவை. ஆனால் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் ஏற்றிச் செல்கிற செலவு மிச்சம். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதை பாலிசியில் படியுங்கள். பல பாலிசிகளில் அது மதுரை வரை எட்டாது, மீதித் தூரத்துக்கு நாம் கட்ட வேண்டும்.

8. ஏற்றிக் கொண்டுபோவது

ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து என்றால் கிட்டத்தட்ட 170. இந்த வகைக் கார்களின் ஸ்கேனரும் அதைத் தெரிந்த கையும் பக்கத்தில் கிடைப்பது மதுரையில்தான். அதற்கு மேல் கோயம்புத்தூர், சென்னை.

கொக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கிற வண்டி வேண்டவே வேண்டாம். ஸ்டீயரிங் பூட்டியிருக்கிறது, கார் தரையை ஒட்டி இருக்கிறது, அநேகமாகப் பின்சக்கரத்தில் இழுக்கிற கார் வேறு. முழு உடலும் மேலே ஏறுகிற பிளாட்பெட்தான் வேண்டும். போன் செய்யும்போதே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: ஸ்டீயரிங் லாக்கில் இருக்கிறது, முன்சக்கரம் இந்தப் பக்கம் ஒடிந்து நிற்கிறது, முன்பம்பர் தரையிலிருந்து இத்தனை அங்குலம். சக்கரத்துக்கு அடியில் வைத்துத் தள்ளுகிற உருளைத் தள்ளுவண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். சாய்தளத்தில் பம்பர் இடிக்காமல் இருக்க இரண்டு நீளப் பலகைகளை நீங்களே எடுத்து வையுங்கள்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால், இக்னிஷன் இல்லாமல் பார்க்கிங் நிலையான 'பி' (P)-யிலிருந்து நியூட்ரலுக்கு எடுக்கிற கைவழி கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குள். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்குக்கும் அதே கேள்வி. வண்டி வந்து நிற்கும்போது தேடாதீர்கள், நிற்கிற நேரத்துக்கும் காசு கேட்பார்கள்.

ஏற்றும் முன் நாலு பக்கமும், சக்கர ரிம்மும், பம்பரின் அடியும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் பட்டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், சஸ்பென்ஷன் கம்பியில் கட்ட விடாதீர்கள்.

நான் விசாரித்தவர்கள் ராமநாதபுரம்–மதுரைக்குக் கேட்டது எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம். பாம்பன் தாண்டி என்றால் கூடுதல். மதுரையிலிருந்து பார்ட்ஸோ காரோ கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி கிடைத்தால் பேசிக் குறைக்கலாம். இரவில் ஏற்ற வேண்டாம், அதிகாலை நல்லது.

9. ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்

முதலில் ஸ்கேன், அதாவது காரின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிற பழுதுக் குறியீடுகளை (கோட்) ஒரு கருவியால் படிப்பது. கடையில் விற்கிற, காரில் செருகிப் படிக்கிற மலிவான ஓபிடி கருவிகள் பெரும்பாலும் என்ஜின் குறியீடுகளை மட்டும் படிக்கும். இந்தப் பழுது பெரும்பாலும் பூட்டு, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கிற பாடி கன்ட்ரோல் மாட்யூலில் பதிந்திருக்கும், கோட் 'பி' (B) அல்லது 'யு' (U) எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காரை விடுங்கள். குறியீடுகளை அழிப்பதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் முன் இருக்கிற வழிகள் நான்கு.

பெட்டியைத் திறந்து பழுதுபார்ப்பது. பழைய கிரீஸைக் கழுவி, மைக்ரோ சுவிட்சை மாற்றி, மோட்டாரை மாற்றி மூடுவது. அதே பெட்டி, அதே மின்னணு அடையாளம், அதனால் மறுபதிவு தேவைப்படாது. என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பல இடங்களில் "இதெல்லாம் திறக்க முடியாது" என்பார்கள். திறக்கலாம், ஆனால் நுணுக்கமான கை வேண்டும். காரின் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவர்கள் மதுரையிலும் கோவையிலும் இருக்கிறார்கள், பெட்டியை மட்டும் கழற்றி அனுப்பலாம். எட்டாயிரம் முதல் இருபதாயிரம் வரை கேட்பார்கள்.

புதுப் பெட்டி போடுவது. பதிவுச் செலவும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் லாக்கைத் தனியாக விற்பதில்லை, தண்டோடு முழு அசெம்பிளியாகத்தான் தருவார்கள், அப்போதுதான் தொகை லட்சத்தைத் தொடுகிறது. ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, லாக் தனிப் பார்ட் நம்பரில் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய இரும்புக் கடைப் பெட்டி. மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது வேறொரு காரின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அதை அழித்துத் திரும்பப் பதியத் தெரிந்தவர் கையில் இல்லாமல் வாங்கினால் காசு போனதுதான். எந்தக் காரிலிருந்து எடுத்தது என்பதற்கு பில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

எமுலேட்டர். லாக்கே இல்லாமல், "திறந்துவிட்டேன்" என்று மட்டும் காருக்குச் சொல்கிற ஒரு குட்டிப் பெட்டி. வேலை சுலபம், விலை குறைவு, மெக்கானிக்குகள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது: எமுலேட்டர் போடும்போது பழைய பின்னைக் கண்ணால் பார்த்து முழுசாக வெளியே எடுத்திருக்க வேண்டும். பின் பாதியில் நிற்க, கார் மட்டும் ஸ்டார்ட் ஆகிற நிலைமை வந்தால், ஒரு குழியில் இறங்கும்போது அது பள்ளத்தில் விழுந்து ஸ்டீயரிங் இறுகிவிடலாம். "பின்னைக் கழற்றிக் கையில் காட்டுங்க அண்ணே" என்று கேளுங்கள், காட்டிய பிறகு காசு கொடுங்கள். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்கள் மாறுகிற விதத்தில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. திருட்டு க்ளெய்ம் வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்டு, பூட்டு எப்படி இருந்தது என்றும் பார்க்கும். போடுவதென்றால் முதலில் கம்பெனிக்கு மெயில் அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் மெக்கானிக்கிடம் கவனிக்க வேண்டியவை: பேட்டரியைக் கழற்றிக் குறைந்தது பத்து நிமிடம் பொறுத்துத்தான் ஏர்பேக் பக்கம் கை வைக்க வேண்டும். லாக் பெட்டியைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் பெரும்பாலும் இறுக்கும்போதே தலை முறிகிற வகை, துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், புதுப் போல்ட் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். பழைய போல்ட்டை வெல்டு வைத்து மாட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்டைக் கழற்றும்போது முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும், கழற்றிய பிறகு ஸ்டீயரிங்கைச் சுற்றிவிடக் கூடாது. சுற்றினால் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் போகிற சுருள் கேபிள் அறுந்துபோகும். மாட்டிய பிறகு ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனரில் சைபருக்குக் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள்.

10. எடுத்து வரும் முன்

பத்துத் தடவையாவது பூட்டித் திறந்து பாருங்கள், ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூடி. சக்கரத்தை ஒரு பக்கம் ஒடித்து வைத்து, அப்புறம் மறுபக்கம். முடிந்தால் காரை ஒரு மணி நேரம் உச்சி வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்ப முயலுங்கள். காலையில் வேலை செய்து மதியம் மாட்டுகிற பெட்டிகள் உண்டு. மாற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் பார்ட் நம்பரும், வேலையின் வாரண்டியும் எழுதியிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், கூலிக்கும் அதே 18. பழைய 28 போட்டுக் கணக்கு நீட்டினால் கேளுங்கள்.

கால அளவு என்று பார்த்தால், பேட்டரி, எர்த் வேலை ஒரே நாளில் முடியும். பெட்டியைப் பழுதுபார்க்க ஒரு வாரம் ஒதுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து பார்ட் வர வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், கூரியரில் உங்கள் பெயரில் வந்தால் கேஒய்சிக்கு ஆதாரும் பான் கார்டும் கேட்பார்கள், சுங்க வரி தனி. கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நாளுக்கு வாடகை போடுவார்களா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

11. திரும்ப வராமல் இருக்க

வீட்டு போர் தண்ணீரில் காரைக் கழுவாதீர்கள். நம்ம ஊர் போர் தண்ணீர் முக்கால்வாசி உப்பு. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக் கழுவுங்கள், இல்லையென்றால் வாங்கிக் கழுவுங்கள். தனுஷ்கோடி போய்வந்த அன்றே, மறுநாள் இல்லை, அன்றே, அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். ஸ்டீயரிங் உறைக்குள்ளும் ஃபியூஸ் பாக்ஸிலும் தண்ணீர் அடிக்கக் கூடாது.

ஓடாமல் நிற்கிற காருக்கு ஒரு பேட்டரி மெயின்டெய்னர் வாங்கி மாட்டிவிடுங்கள், மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தார்ப்பாய்க்குப் பதில் காற்றுப் போகிற துணி உறை போடுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் வாடைக்காலத்தின் ஈரம் அப்படியே தங்கிவிடும், கனெக்டர்கள் எல்லாம் களிம்பேறும். வாரத்துக்கு ஒரு தடவை, ஓட்டாவிட்டாலும், உட்கார்ந்து பூட்டித் திறந்து ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடுங்கள். நிறுத்தும்போது சக்கரத்தை நேராக்கிவிட்டு அணையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் எர்த் போல்ட்டை ஒரு தடவை கழற்றி அடியில் பார்த்துவிடுங்கள்.